வூட்டுக்கு வாங்கின வண்டி

கள்ளக்குறிச்சியில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்கள் ஜாதகம் பார்க்கிறார்களோ இல்லையோ, ஷம்ஷாத்தைக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். இத்தனைக்கும் அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர்கூடத் தெரியாது. சேலம் ரோட்டில் ஒன்பதடி அகலத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை, அதில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, அவ்வளவுதான்.

கடை அவள் வீட்டுக்காரர் ரபீக்குடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஃபேன் பெல்ட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. இத்தா இருக்கிற நாலு மாசம் பத்து நாள் முடிந்து அவள் கடைக்கு வந்தபோது, இந்தக் கடை எத்தனை நாளைக்கு என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கெடு வைத்தார்கள். கிளட்ச் பிளேட்டுக்கும் இட்லித் தட்டுக்கும் வித்தியாசம் தெரியாத பொம்பளை என்று ஒருத்தர் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ஒரே வருஷத்தில், எந்த வண்டியில் எந்தச் சாமான் எத்தனை மாசத்துக்கு ஒரு தரம் போகும் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடாகிவிட்டது. கெடு வைத்தவர்களில் ரெண்டு பேர் கடையை மூடிவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

கார் பார்க்கிற வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. சின்னசேலத்து உரக்கடைக்காரர் ஒருத்தர் பல்பு வாங்க வந்த இடத்தில், இன்ன வண்டி வாங்கலாமா என்று பேச்சுவாக்கில் கேட்டார். "அந்த வண்டிக்காரங்க யாரும் என் கடைப் படியே ஏறதில்லிங்க. எனக்குச் சுத்தமா புடிக்காத வண்டி. நீங்க கண்ண மூடிக்கினு வாங்குங்க" என்றாள். அவர் வாங்கினார். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. அதிலிருந்து ஆள் வரத் தொடங்கியது.

டிக்கி வைத்த சின்னக் கார் என்றால் அவளுக்குத் தனி மரியாதை. உயரமான வண்டியில் போனால்தான் கௌரவம் என்று ஊரே அலைகிற காலத்தில், கல்யாணமான புதுசில் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகளை அவள் ஒரு பிடி பிடிப்பாள். "எதுக்குடா ஒசரம்? நீ இன்னா எலெக்ஷன்ல நிக்கறியா? டிக்கி வண்டி வாங்கு. மூட்ட முடிச்ச பின்னால போட்டுட்டு மனுசங்க மனுசங்களா உக்காந்து போவலாம். பெட்ரோல் கம்மியா குடிக்கும். சாமான் எங்க வேணா கெடைக்கும். புதுசு வாங்கத் தெம்பிருந்தா வாங்கு, மூணு வருசம் உன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். பழசுன்னா ஒரே கையில இருந்ததா பாரு. பெயிண்ட்ட பாத்து மயங்காத, பெடல் ரப்பர பாரு. மீட்டர திருப்பி வுட்டுடுவானுங்க. தேஞ்ச ரப்பர திருப்பி வுட முடியுமா?"

வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக் செல்லமுத்து ஓட்டுவான். அவள் பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடையிலிருந்து சின்னசேலம் ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். மேடு பள்ளம் இல்லாத நேர் ரோடு. இறங்கியதும் அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் தீர்ப்பு. வாங்குகிறவரிடம் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஓட்டத்துக்கா, வூட்டுக்கா?" வாடகைக்கு விடுகிற வண்டிக்கு ஒரு கணக்கு, குடும்பத்துக்கு வைத்துக்கொள்கிற வண்டிக்கு இன்னொரு கணக்கு. இதில் அவள் ஒரு நாளும் தவறியதில்லை.

இன்னொரு வைராக்கியமும் வைத்திருந்தாள். தான் பார்த்துக் கொடுத்த வண்டிக்கு ஆறு மாசத்துக்குத் தன் கடையிலிருந்து ஒரு போல்ட்டுகூட விற்க மாட்டாள். 'சாமான் விக்கறதுக்காக இல்லாத குத்தம் சொல்றா' என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அதனாலேயே சின்னச் சின்னக் குறைகளை அவள் கொஞ்சம் அடக்கித்தான் சொல்லுவாள். இது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது.

எதிர்ச்சாரி ஜவுளிக்கடையில் தங்கி வேலை பார்க்கும் கலையரசி ஒரு வியாழக்கிழமை காலையில் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காசிநாதன் என்று பேர். ஐம்பத்தெட்டு வயசிருக்கும், வற்றிப்போன ஆள். அரிசி மில்லில் லோடு வண்டி ஓட்டுகிறார். அவர் சம்சாரம் பெரியம்மாளுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூணு நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும். பதினாலு மாசமாக இப்படி ஓடுகிறது.

"வடக்கனந்தல்லருந்து பஸ்ல கூட்டினு வரதுக்குள்ள அம்மா செத்துப் பொழைக்குதுக்கா. இருந்த ஆடு மாடெல்லாம் வித்துட்டு அப்பா ஒரு கார் பாத்து வெச்சிருக்காரு. நீ ஒரு தரம் பாத்துச் சொல்லுக்கா" என்றாள் கலையரசி. சொல்லிவிட்டு, மேனேஜர் கத்துவான் என்று ஓடிவிட்டாள்.

வெள்ளைக் கார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் ஒரே கையில் வைத்திருந்தது. வழக்கம்போல ஷம்ஷாத் கேட்டாள்.

"வண்டி ஓட்டத்துக்காண்ணா, வூட்டுக்கா?"

"வூட்டுக்குத் தான் பாயம்மா" என்றார் காசிநாதன். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. முதல் கார் வாங்குகிற மனுஷனுக்கு இருக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சின்னசேலம் கேட் வரை போய்த் திரும்பியபோது மீட்டர் எழுபத்தோராயிரத்து நானூற்று ஆறு காட்டியது. என்ஜின் பஞ்சு மாதிரி இருந்தது. கியர் வெண்ணெய். இறங்கியதும் செல்லமுத்து மட்டும் காதோடு சொன்னான். "அக்கா, பிரேக் புடிக்குது. ஆனா பெடல அழுத்திப் புடிச்சிகினே இருந்தா மெதுவா உள்ளாற போவுது. மாஸ்டர் சிலிண்டர்ல உள்கசிவு."

அவள் காசிநாதனிடம் அதையும் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் விஷயம். "பிரேக்குல சின்ன வேல ஒண்ணு இருக்குதுண்ணா. வடக்கனந்தலுக்கும் டவுனுக்கும் ஓட்றதுக்கு ஒண்ணும் பண்ணாது. நாலஞ்சி மாசம் கழிச்சி மாத்திக்கலாம்." அந்தச் சாமான் அவள் கடையில் மூணாவது தட்டில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் கடைக்காரியின் பேச்சாகிவிடுமே.

"பரவால்ல பாயம்மா" என்று காசிநாதன் கையை வீசினார். அவருக்கு வேறொரு கவலை இருந்தது. பின்கதவைத் திறந்து சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏறுமா?"

கை சீட்டின் மேல் இருந்ததால், சம்சாரத்தைத்தான் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். கால் வீங்கின பொம்பளை சிரமமில்லாமல் ஏறி உட்காருமா என்று. சீட்டு தாழ்வு, கதவு அகலம். சந்தேகமே இல்லை.

"தாராளமா ஏறும்ணா. நான் சொல்றேன்ல."

வாத்தியாரிடமிருந்து அன்றைக்கே வண்டி கைமாறியது.

திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குக் கலையரசி ரெண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டின் குறுக்கே ஓடி வந்தாள். பைக்கில் வந்த ஒருத்தன் திட்டிவிட்டுப் போனான். அவள் காதில் அது ஏறவில்லை.

"அக்கா, அந்தக் காரு நல்ல காரு தான?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"ஏழு மணிக்கு அம்மாவ மெஷின்ல போடணும். வரவே இல்லக்கா. போனும் போவல. வடக்கனந்தல் ரூம்ல பூட்டு தொங்குதாம். வெள்ளிக்கெழமை ஆஸ்பத்திரிலருந்து வந்ததுமே வூட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் வண்டியில மேல போயிட்டாங்களாம். இன்னிக்கிக் காலைல எறங்கி வந்திருக்கணும்."

"வூட்டுக்கா? வூடு வடக்கனந்தல் தான?"

"அது ஆஸ்பத்திரிக்கோசரம் எடுத்த ரூமுக்கா. எங்க வூடு மலையில, வெள்ளிமலை தாண்டி. காரு வந்துட்டா வூட்லருந்தே வந்து போயிக்கலாம்னு அப்பா சொல்லிக்கினு இருந்தாரு."

ஷம்ஷாத் எழுந்து நின்றாள். பிறகு மறுபடி உட்கார்ந்தாள். வூட்டுக்குத் தான் பாயம்மா. குடும்பத்துக்கு என்று அவள் கேட்டாள். அவர் வீட்டுக்குப் போக என்று சொல்லியிருக்கிறார். ஏறுமா என்று அவர் கேட்டது சம்சாரத்தை அல்ல, மலையை. தாராளமா ஏறும் என்று அடித்துச் சொன்ன வாய் இந்த வாய்தான்.

சமவெளியில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுகிறோம். மலை இறக்கத்தில் அழுத்தின காலை எடுக்க முடியாது. அழுத்திப் பிடித்தால் அந்தப் பெடல் மெதுவாக உள்ளே போகும். வளைவுக்கு வளைவு இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பெடல் தரையைத் தொடுகிற இடத்தில் கீழே என்ன இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியவர்கள் விடியும்போதே இறங்கியிருப்பார்கள். ரெண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிட்டது.

மூணாவது தட்டிலிருந்து அந்தச் சிலிண்டரின் அட்டைப் பெட்டியை எடுத்தாள். ஒரு டப்பா பிரேக் ஆயில் எடுத்தாள். ஆறு மாச வைராக்கியம் போன இடம் தெரியவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாளா என்பதுகூட அவளுக்குப் பிறகு ஞாபகமில்லை. செல்லமுத்துவின் பழைய வேனில் மூணு பேரும் ஏறினார்கள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த இருபத்தேழு வருஷமாக அந்த மலையைத் தூரத்து நீலமாகத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டியது, கோமுகி அணை தாண்டியது, ரோடு மேலே திரும்பியது. முதல் வளைவிலேயே அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பயம் தன்னைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்தாள். புதர் நசுங்கியிருக்கிறதா, தடுப்புக் கல் பெயர்ந்திருக்கிறதா, கறுப்பாக டயர் தடம் ஓரத்துக்குப் போய் முடிகிறதா? கலையரசி பின்சீட்டில் போனை வைத்துக்கொண்டு ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்தாள். பிறகு அவள் போனிலும் சிக்னல் போய்விட்டது.

"அப்பா பதினெட்டு வருசமா வண்டி ஓட்றாருக்கா. ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் கலையரசி. அவளுக்குப் பிரேக் விஷயம் தெரியாது. டயர் பஞ்சர், பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்கிற அளவில்தான் பயந்துகொண்டிருந்தாள். ஷம்ஷாத் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் நிஜம்.

எதிரே இறங்கி வந்த பஸ்ஸை செல்லமுத்து கைகாட்டி நிறுத்தினான். "வெள்ளைக் காரு ஒண்ணு, வழியில எங்கனா நிக்குதா?"

"அப்பிடி எதுவும் பாக்கலியே" என்றார் கண்டக்டர். நிற்கவில்லை என்றால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இறங்கியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையே. அந்தக் கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் ஷம்ஷாத்துக்கு ஒரே விடைதான் வந்தது.

அதற்கு மூணு வளைவு தள்ளி ஓரத்துத் தடுப்புக் கல் ஒன்று உடைந்து கிடந்தது. "நிறுத்து, நிறுத்து" என்று அவள் கத்திய கத்தலில் செல்லமுத்து பதறிப்போய் நிறுத்தினான். இறங்கி ஓடினாள். கீழே மரங்களுக்கு நடுவில் வெள்ளையாக ஏதோ பளபளத்தது. யா அல்லா, யா அல்லா என்று மட்டும்தான் அவளுக்கு வந்தது. அந்தப் பொம்பளையைப் பார்த்ததுகூட இல்லை. கால் வீங்கி, பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, நம்ம காரு என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கும். தாராளமா ஏறும் என்று சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

செல்லமுத்து கொஞ்சதூரம் சரிவில் இறங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்தான். "பிளாஸ்டிக் ஷீட்டுக்கா. காத்துல பறந்து வந்து மாட்டிக்கினு கெடக்குது. கல்லும் பழைய ஒடைசல் தான், பாசி புடிச்சிருக்குது."

அவள் அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அழுவதைப் பார்த்ததும், இதில் தனக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்பது கலையரசிக்குப் புரிந்துவிட்டது. வேனில் ஏறிய பிறகு ஷம்ஷாத் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்கப்புறம் ரெண்டு பேருமே ஆளுக்கு ஒரு பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வெள்ளிமலைக் கடைத்தெருவைத் தாண்டி மண்ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர். திரும்பினதும் ஒரு பலாமரம், அதன் கீழே அந்த வெள்ளைக் கார்.

ஒரு கீறல் இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்திருந்தது. கண்ணாடி மேல் பலா இலைகள் விழுந்து ஒட்டியிருந்தன. தொட்டு மூணு நாளான வண்டி அது. இறங்கவே இல்லை.

ஷம்ஷாத்துக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து காசிநாதன் வெளியே வந்ததுதான் தாமதம், பொரிந்து தள்ளிவிட்டாள். "ஏண்ணா, உங்களுக்கு வாய் இல்லியா? மலைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த வண்டிய தொட வுட்டிருப்பனா? பிரேக்குல வேல இருக்குதுன்னு சொன்னனே!"

"நான் சொன்னனே பாயம்மா" என்றார் அவர், குரல் உயராமல். "வூட்டுக்குன்னு சொன்னேன். ஏறுமான்னு கேட்டேன். நீ ஏறும்ன. ஏறிச்சி. நல்லாவே ஏறிச்சி."

"எறங்கணுமேண்ணா!"

"எறங்கறதுக்கு வாங்கல பாயம்மா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. உள்ளே கலையரசி போட்ட சத்தத்தில்தான் புரிந்தது. "இன்னிக்கி மெஷின்ல போடலன்னா இன்னா ஆவும்னு தெரியுமா தெரியாதா உனக்கு? அப்பாவும் சேந்துகினு ஆடறாரா?"

பெரியம்மாள் கயிற்றுக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. கால் ரெண்டும் பளபளவென்று வீங்கியிருந்தன. கட்டில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கம் சாமைக் கொல்லை அறுவடைக்கு நின்றது.

"நீ தான் வண்டி பாத்துக் குடுத்த பாயம்மாவா? உள்ள வா. உக்காரு" என்றாள். மூச்சு வாங்கியது. "மெத்து மெத்துன்னு இருந்திச்சி. ஒரு குலுக்கல் இல்ல. நல்ல வண்டி."

ஷம்ஷாத் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஊசி குத்திக் குத்தி முண்டு முண்டாக ரத்தக்குழாய் தடித்திருந்தது. அவள் கெஞ்சினாள். வெட்கம் மானம் பார்க்காமல் கெஞ்சினாள். "யக்கா, சாமான் எடுத்துனு வந்திருக்கேன். ரெண்டு மணி நேரத்துல வண்டி ரெடியாயிடும். ஆஸ்பத்திரில நான் பேசிக்கறேன். இன்னிக்கி வந்துடுக்கா. உனக்கு ஒரு பொண்ணு இருக்குதுக்கா."

"அது ஒண்ணுக்கோசரம் தான் பதினாலு மாசம் எறங்கிக் கெடந்தேன்" என்றாள் பெரியம்மாள். "அந்த ரூம்ல ஜன்னல் கெடையாது, தெரியுமா உனக்கு? நாள் ஒண்ணு மெஷின்ல, நாள் ஒண்ணு செவுத்த பாத்துகினு. இவரு மூட்ட ஏத்தி வண்டி ஓட்டிட்டு வந்து எனக்குக் கஞ்சி காச்சிக் குடுத்துட்டு ஒக்காந்தே தூங்கறாரு. போதும்னு நான் தான் சொன்னேன். பஸ்ல போனா கூட்டத்துல வழியிலயே போயிடுவேன்னு பயம். வூட்டுக்குப் போயி சேரணும், அது ஒண்ணுதான் கேட்டேன்."

கலையரசி அம்மாவின் மடியில் விழுந்து அழுதாள். அப்பாவைத் திட்டினாள், ஷம்ஷாத்தைத் திட்டினாள், கடைசியில் காரைத் திட்டினாள். காசிநாதன் வாசலில் நின்றுகொண்டே இருந்தார். அழுது முடித்த மனுஷனின் முகம் அது.

ஷம்ஷாத் வெளியே வந்தாள். "செல்லமுத்து, சிலிண்டர மாத்து" என்றாள்.

"எறங்கலன்னு சொல்றாங்களேக்கா?"

"நீ மாத்து. மனசு மாறுச்சுன்னா வண்டி ரெடியா இருக்கணும். வண்டியால நின்னு போச்சின்னு இருக்கக் கூடாது."

வேலை ஒன்றரை மணி நேரம் பிடித்தது. புது சிலிண்டர் மாட்டினால் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே திருகைத் திறக்க வேண்டும். மிதிப்பதற்கு ஆள் இல்லை. காசிநாதனைக் கூப்பிடவும் மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஷம்ஷாத் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிக்கா. மிதி. மிதி. அழுத்திப் புடி" என்று கீழேயிருந்து செல்லமுத்து சொன்னான். காலடியில் பெடல் சேற்றில் இறங்குவது மாதிரி ஆதரவில்லாமல் உள்ளே போனது. இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லி வந்திருக்கிறாள். இந்த ஒன்றை மட்டும் ஒரு நாளும் தன் காலால் தெரிந்துகொண்டதில்லை. மிதித்தாள், பிடித்தாள், விட்டாள். நாலு சக்கரத்துக்கும் மாறி மாறி. கடைசியில் பெடல் காலுக்கு எதிராகக் கல்லாக நின்றது.

அந்தத் தெம்பில் உள்ளே ஓடினாள். "யக்கா, வண்டி இப்ப எறங்கும். என் உசுரு மேல ஆணையா எறங்கும்."

பெரியம்மாள் சிரித்தாள். "வண்டி எறங்கும் பாயம்மா. நான் எறங்கல."

கலையரசி மலையிலேயே தங்கிவிட்டாள். கிளம்பும்போது ஷம்ஷாத் காசிநாதனிடம் மூணு தரம் சொன்னாள்: புதன்கிழமை காலையில நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். அவர் தலையாட்டினார். கிராமத்து நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். இறக்கத்தில் அவள் எட்டிப் பார்க்கவில்லை. செல்லமுத்துவின் கால் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் அவள் காலும் வெறும் தரையை அழுத்திக்கொண்டு வந்தது.

புதன்கிழமை ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரைக்கும் நின்றாள். கேட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு வெள்ளைக் காரும் அதுதான் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமையும் போய் நின்றாள். அடுத்த திங்கட்கிழமை போகவில்லை. அந்த வாரத்தில் கடைக்கு ஒரு பையன் டிக்கி வண்டி பற்றிக் கேட்டு வந்தான். ஓட்டத்துக்கா, வூட்டுக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு, "உன் வூடு எங்கப்பா இருக்குது?" என்று கேட்டாள்.

அவள் மலைக்குப் போய் வந்த பதினாறாவது நாள் மத்தியானம் அந்த வெள்ளைக் கார் கடைக்கு எதிரே வந்து நின்றது. ஷம்ஷாத் எழுந்தாள். ஓட்டி வந்தது காசிநாதன். பக்கத்து சீட்டில் கலையரசி. பின்சீட்டை அவள் பார்த்தாள். அதில் ஒரு பை மட்டும் இருந்தது. காசிநாதன் இறங்கி வந்தார். தலையை மொட்டை அடித்திருந்தார்.

"போன புதன்கெழமை, பாயம்மா" என்றார். "கொல்லைய பாத்துகினே தான் இருந்திச்சி." சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எனக்கு இனிமே எதுக்கு வண்டி? நீயே பாத்து யாருக்குனா குடுத்துடு. நல்ல வண்டின்னு சொல்லு."

ஷம்ஷாத் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். பழக்கத்தில் பக்கத்து சீட்டுக் கதவைத் தொட்ட கை நின்றது. சுற்றிக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். மீட்டரைப் பார்த்தாள். எழுபத்தோராயிரத்து ஐந்நூற்று முப்பது. அவள் பார்த்துக் கொடுத்த நாளிலிருந்து நூற்று இருபத்துநாலு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. வாங்கின அன்றைக்கு வடக்கனந்தல் போனது, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தது, அங்கிருந்து மலையில் ஒரு தடவை ஏறியது, இன்றைக்கு ஒரு தடவை இறங்கியது.

பெடலை அழுத்திப் பிடித்தாள். அது உள்ளே போகவில்லை. காசிநாதன் ஜன்னல் பக்கம் குனிந்து, "இன்னா பாயம்மா, சரியா இருக்குதா?" என்று கேட்டார். "சரியா இருக்குதுண்ணா" என்றாள் அவள், காலை எடுக்காமல்.